மலையடியும் கள்ளுக்கடையும்

மக்கள் மலையை அடுத்து வாழ்வது பெரும்பாலும் இரண்டு காரணம் பற்றியே. ஒன்று நீர், மற்றொன்று மண். இவ்விரண்டும் வாய்த்த இடத்தில் அச்சத்தையும் மறந்து மனிதன் குடியேறுவான். இத்தாலி நாட்டு வெசூவியஸ் எரிமலை கி.பி. 79ஆம் ஆண்டில் பொம்பெயி நகரைச் சாம்பலுள் புதைத்தது. 1631இல் மீண்டும் சீறி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1944இலும் நெருப்பைக் கக்கிற்று. ஒவ்வொரு முறையும் ஓடியவர் திரும்பி வந்தனர். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் திராட்சைக் கொடி செழித்து வளர்வதே அதற்குக் காரணம். அம்மலைச் சாரலில் வடிக்கும் மதுவுக்குக் 'கிறிஸ்துவின் கண்ணீர்' என்று பெயர். உழவன் தன் கொடியிற் பழுத்த கனியைத் தானே பிழிந்து, தன் மலையின் பெருமையை அதன்மேல் ஏற்றி, உலகுக்கு விற்கிறான். மது நல்லதா தீயதா என்னும் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்த மது அவனுடைய உழைப்பின் விளைவு; அதன் விலையும் அவன் கைக்கே வருகின்றது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நாம் வாழும் ஜொகூர் நாட்டிலும் ஒரு மலை உண்டு. சாஆ என்னும் நம் சிற்றூருக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 மைல் தொலைவில், 1,276 மீட்டர் உயரத்தில் நிற்பது லேடாங் மலை. ஜொகூரில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. ஐரோப்பியர் இதற்கு ஓபிர் மலை என்று பெயரிட்டனர். சாலமன் மன்னனுக்குப் பொன் வந்த நாடு ஓபிர் என்று விவிலியம் கூறும். பொன்னாசை கொண்டோர் கண்ட இடமெல்லாம் ஓபிராகத் தோன்றியதில் வியப்பில்லை.

1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை அறிஞர் மலாக்காவிலிருந்து புறப்பட்டு இம்மலைமேல் ஏறினார். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி டார்வினுடன் ஒத்த முடிவுக்குத் தனியே வந்தவர் அவர். பாறைவெளி ஒன்றை அடைந்தபோது அவரையும் உடன் சென்றோரையும் கடுந்தாகம் வருத்திற்று. சுற்றிலும் நீர் இல்லை. அங்கே செழித்திருந்த குடுவைச் செடிகளின் குடுவைகளில் தேங்கிய நீரையே பருகித் தாகம் தீர்த்ததாக 1869இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியுள்ளார். பூச்சிகள் மிதந்த நீர்தான்; எனினும் சுவையாக இருந்ததாம். மலை தன்னை நாடி வந்தவனுக்குக் கொடுத்த குடுவை அது. விலை கேட்கவில்லை, மறுநாள் கணக்கிற் பற்றெழுதவும் இல்லை. அம்மலையைச் சூழ்ந்த நாட்டில் பின்னர் வந்து குடியேறிய நம்மவர்க்கு வேறொரு குடுவை நீட்டப்பட்டது. அதன் வரலாறே இங்கு நாம் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

ஜொகூரின் உட்பகுதியை முதலில் வெட்டித் திருத்தியவர் சீனர். ஆற்றுத் துறைதோறும் ஒரு தலைவனுக்குப் பட்டயம் கொடுத்து, மிளகும் காம்பியரும் பயிரிடச் செய்யும் ஏற்பாடு ஜொகூர் மன்னர் காலத்தில் நிலவிற்று. அது 'காங்சு' முறை எனப்படும். அத்துறைகளைக் 'காங்' என்றனர். சாஆவுக்குச் சீனர் வழங்கும் பெயரிலும் அச்சொல் நின்று, மூன்று கூடும் துறை எனப் பொருள் தருகின்றது. துறைத் தலைவனுக்கு நிலத்தின்மேல் மட்டுமன்றித் தன் எல்லைக்குள் அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின்மேலும் உரிமை இருந்தது. கூலிக்காரன் பகலில் ஈட்டியதை இரவில் அதே தலைவனின் கடையில் இழப்பான். அம்முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்தது, அதன் உட்கருத்து ஒழிந்ததோ என்பதே கேள்வி.

1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். 1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவரை இருப்புப்பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங் என்று புகைவண்டி நின்ற இடமெல்லாம் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. மரத்தைச் சீவக் கைகள் வேண்டியிருந்தன. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. கங்காணிமுறை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் மூத்தோர் கப்பலேறினர். அவர்களுக்கென லயங்கள் எழுந்தன. லயத்தை அடுத்துக் கோயில், ஆயாக் கொட்டகை, சில இடங்களிற் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாய் வந்தன. இவற்றோடு கள்ளுக்கடையும் வந்தது.

தோட்டந்தோறும் கள்ளுக்கடை ஏற்பட்டமைக்குக் கள்ளின் இயல்பே ஒரு காரணம் எனலாம். தென்னம்பாளையை விரியுமுன் கட்டி, நுனியைச் சீவி, கலயத்தை மாட்டினால் இனிய சாறு வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும். தடவாவிடில், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையை உண்டு சில மணி நேரத்தில் மதுவாக்கிவிடும். நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்குவரை வெறிச்சத்து ஏறும். ஒருநாள் கடந்தால் புளித்துக் காடியாகும். திராட்சை மதுவைப் போல் பீப்பாயில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்க இயலாது. நெடுந்தொலைவு கொண்டுசெல்லவும் ஆகாது. இறக்கிய இடத்திலேயே, இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். ஆகவே குடிப்பவனைத் தேடிக் கள் வரவேண்டியதாயிற்று. பால்மரம் சீவும் வேலையோ விடியலில் தொடங்கி நண்பகலோடு முடிவது. கள் பதமாகும் நேரமும், தொழிலாளி வேலை முடிந்து களைத்து நிற்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்தன.

தொழிலாளியின் நாளை இரண்டு மரங்கள் பங்கிட்டுக்கொண்டன. காலையில் அவன் ஒரு மரத்தின் பட்டையைச் சீவினான்; அதில் வடிந்த பால் துரைக்குச் சென்றது. மாலையில் வேறொருவன் சீவிய மரத்தின் சாறு அவனிடம் வந்தது. காலையிற் பெற்ற கூலி அதன் வழியே திரும்பிச் சென்றது. வெசூவியஸ் மலையடி உழவனுக்கும் லேடாங் மலையடித் தொழிலாளிக்கும் உள்ள வேற்றுமை இதுவே. மது அவனுக்கு வரவு, இவனுக்குப் பற்று.

கணக்கெழுதும் தொழிலினராகிய நாம் இதனை எண்ணாற் சொல்வதே முறை. 1936ஆம் ஆண்டு இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்னும் பழைய நிலையை மீட்கவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். உலகப் பொருளாதார மந்தத்தின்போது அக்கூலி குறைக்கப்பட்டிருந்தது. அந்த மேலான கூலியையே எடுத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் பேர் விழுந்தால் ஆணுக்கு 13 வெள்ளி. பெண்ணுக்கு 10 வெள்ளி 40 காசு. ஒருவன் நாளொன்றுக்குப் பத்தே காசுக்குக் குடித்தான் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 26 நாளைக்கு 2 வெள்ளி 60 காசு ஆகின்றது. அவன் கூலியில் அது ஐந்தில் ஒரு பங்கு. மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் அவன் சீவிய பால் கலயத்தில் போயிற்று. அவன் மனைவியின் கூலியால் அதை ஈடுகட்டுவதாயின் அவள் ஆறரை நாள் உழைக்கவேண்டும். குடித்தவன் ஒருவன், ஈடுகட்டியவர் குழந்தைகளும் சேர்ந்த குடும்பம் முழுவதும்.

கடையின் ஆதாயத்தைத் தொழிலாளர் நலத்துக்கென ஒரு நிதியிற் சேர்த்துச் செலவிடும் ஏற்பாடும் பல தோட்டங்களில் இருந்தது. திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் அதிலிருந்து பணம் வந்தது. இதனைத் துரைமாரின் கருணை என்று புகழ்ந்தோரும் உளர். ஒருவனிடமிருந்து ஒரு வெள்ளியை வாங்கி, அதில் சில காசுக்கு அவனுக்கே மாலை சூட்டுவது கருணையாகுமா என்று கேட்கிறோம். அன்றியும், குடி எவ்வளவுக்குப் பெருகுமோ அவ்வளவுக்கு நலநிதி பெருகும் என்ற நிலையில், குடியைக் குறைப்பதில் யாருக்கு அக்கறை பிறக்கும்?

இனி, தோட்ட முதலாளிகளின் தரப்பையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அவர்கள் கூறிய வாதம் இது: தொழிலாளி எப்படியும் குடிப்பான், தோட்டத்துக் கடையை மூடினால் கள்ளச் சாராயமாகிய சம்சுவைத் தேடிப் போவான், சம்சுவோடு ஒப்பிடுங்கால் கள் தீங்கு குறைந்தது, அதில் உடலுக்கு வேண்டிய சில சத்துக்களும் உண்டு. இவ்வாதம் முழுப் பொய்யன்று. கள்ளில் உயிர்ச்சத்துக்கள் உள்ளன என்பது உண்மை. சம்சு கள்ளினும் பன்மடங்கு கொடியது என்பதும் உண்மை. ஆனால் கள்ளா சம்சுவா என்ற இரண்டே வழிகளை மட்டும் ஒருவன்முன் வைத்து, இவற்றுள் நல்லதைத் தேர்ந்துகொள் என்பது நேர்மையான கேள்வியாகாது. போதிய கூலி, நல்ல பள்ளி, படிப்பகம், விளையாட்டிடம் என்னும் மூன்றாம் வழி எத்தனை தோட்டங்களில் திறக்கப்பட்டது? கள்ளுக்கடை இல்லாத தோட்டத்துக்கு ஆள் கிடைப்பது அரிது என்று அஞ்சியவர்கள், நல்ல பள்ளி இல்லாத தோட்டத்துக்கு ஆள் கிடைப்பது அரிது என்று என்றேனும் அஞ்சினார்களா?

'தமிழன் பிறவிக் குடியன்' என்னும் பழிச்சொல் இந்நாட்டில் இன்றும் நிலவுகின்றது. நம்மவரே அதை நகைச்சுவைபோற் சொல்லித் திரிவதையும் கேட்கிறோம். வரலாறு இப்பழியை ஏற்கவில்லை. சங்க காலத்துத் தமிழர் கள் உண்டனர். யவனர் கப்பலில் வந்த மதுவும் அரசர் அவையில் வழங்கிற்று. 1945இல் வீலர் நடத்திய அகழ்வாராய்ச்சியில் அரிக்கமேட்டில் கிடைத்த ரோம நாட்டுச் சாடிகள் அதற்குச் சான்று. ஆனால் அதே தமிழர் நடுவே தோன்றிய திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கிற்று. குடியும் தமிழனுடையது, குடியைக் கடிந்த அறிவும் தமிழனுடையதே. இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வறிவு செயலற்று இருக்கவில்லை. 1921இல் கள்ளுக்கு எதிரான கிளர்ச்சியின்போது ஈ. வெ. ராமசாமிப் பெரியார் சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டச் செய்தார். தம் வருவாயைத் தாமே வெட்டிய அச்செயலுக்கு நிகராக வேறொன்று சொல்வது அரிது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கிற்று.

மலாயாத் தோட்டங்களிலும் இதே எழுச்சி தோன்றிற்று; அதுவும் மேலிருந்து வந்ததன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு ஆர். எச். நாதன் என்பவர் வழிகாட்டினார். அவர்களுடைய கோரிக்கைகளை நோக்குங்கள். கூலி உயர்வு கேட்டனர்; பள்ளி கேட்டனர்; மருத்துவ வசதி கேட்டனர்; துரைமாரையோ கிராணிமாரையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிவான வழக்கத்தை நீக்கக் கேட்டனர். இவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். கிராணித் தொழில் செய்யும் நாம் இப்பட்டியலைப் படிக்கும்போது தலை குனிந்தே படிக்கவேண்டியிருக்கிறது; இறங்கி நிற்கச் செய்தோர் வரிசையில் நம் தொழிலினரும் இருந்தனர். அரசாங்கம் படையை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். குடிக்கவே பிறந்தவன் என்று இகழப்பட்டவன், குடிக்கும் கடையை மூடு என்று கேட்டதற்காகவும் குண்டடி பட்டான்.

ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இருப்புப்பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மடிந்தனர். எஞ்சியோர் போருக்குப்பின் புதிய நெஞ்சோடு எழுந்தனர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை என்னும் அமைப்பு ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தோட்டந்தோறும் பரவிற்று. இளைஞர்கள் கட்டுப்பாட்டுடன் அணிவகுத்தனர். கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். குடித்தவரைத் திருத்த முயன்றனர். 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் இம்மறியலையொட்டிக் காவல் துறையினருக்கும் தொழிலாளருக்கும் மோதல் மூண்டு, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னர் இயக்கம் ஒடுக்கப்பட்டது. தொழிலாளி குடியை விடமாட்டான் என்று கூறிக் கடை திறந்தவர்கள், அவன் விட முன்வந்த நாளில் கடையைக் காக்கக் காவலரை நிறுத்தினர். இவ்வொரு நிகழ்ச்சியே முன்கூறிய வாதத்தின் உள்ளீட்டைக் காட்டப் போதுமானது.

அதன்பின் காலம் மாறிற்று. நாடு 1957இல் விடுதலை பெற்றது. பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. லயத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். கள்ளுக்கடை தேய்ந்தது. ஆனால் அவ்விடத்தைப் பள்ளியும் படிப்பகமும் நிரப்புமுன் புட்டியில் அடைத்த மலிவுச் சாராயம் நிரப்பிக்கொண்டது. கள்ளைக் கொண்டுசெல்ல இயலாது என்றோம். புட்டிக்கோ அத்தடை இல்லை. மலிவான சிறு புட்டிகளின் தீங்கு கண்டு, வடித்துக் கலந்த மதுவகைகளை 700 மில்லி லிட்டருக்குக் குறைந்த புட்டிகளில் விற்கலாகாது என்றும், 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்கலாகாது என்றும் மலேசிய அரசு 2017 டிசம்பரில் விதிகளை நடைமுறைப்படுத்திற்று. மறு ஆண்டே, 2018 செப்டம்பரில், சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவை அருந்தி முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் வயிற்றுப் பிழைப்புக்காக இந்நாடு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர் பலர்.

இச்செய்தியை நாம் வேண்டுமென்றே இங்குக் கூறினோம். இன்று மலையடித் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுவோருள் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர் மிகுதி. நம் பாட்டன்மார் உறங்கிய இடத்தில் இன்று அவர்கள் உறங்குகின்றனர். அவர்களைப் பற்றி நம்மவருட் சிலர் பேசும் பேச்சைக் கேட்டால், நூறாண்டுக்குமுன் நம்மைப்பற்றித் துரைமார் பேசிய பேச்சே நினைவுக்கு வருகின்றது. 'இவர்கள் இப்படித்தான்' என்னும் அதே தீர்ப்பு! தாயகத் தமிழரும் இதிலிருந்து தப்பவில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுமுதல் மதுவைச் சில்லறையாக விற்கும் உரிமை அரசு நிறுவனத்தின் கையிலேயே உள்ளது. அவ்வருவாயைக் காட்டி நலத்திட்டம் பேசுவோரிடம், தோட்டத்துக் கள் நிதியின் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

லேடாங் மலையைப் பற்றி மலாய் மக்கள் வழங்கும் கதை ஒன்றுண்டு. 'செஜாரா மெலாயு' என்னும் பழைய நூலிலும் அது காணப்படுகின்றது. மலாக்கா மன்னன் சுல்தான் மஹ்மூது மலையில் வாழும் இளவரசியை மணக்க விரும்பினான். மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் வேண்டும் என்றாள் அவள். கொசுவின் நெஞ்சு ஏழு தட்டு, உண்ணியின் நெஞ்சு ஏழு தட்டு வேண்டும் என்றாள். பாக்கு நீர் ஒரு தாழி, கண்ணீர் ஒரு தாழி கேட்டாள். முடிவில் மன்னன் குருதி ஒரு கிண்ணமும், அவன் மகன் குருதி ஒரு கிண்ணமும் கேட்டாள். பொன்னுக்கும் கண்ணீருக்கும் அஞ்சாத மன்னன் குருதிக் கிண்ணத்தின்முன் நின்றுவிட்டான், மணம் நிகழவில்லை.

மன்னனுக்குத் தெரிந்த எல்லை அது. மலையடியில் வாழ்ந்த நம் முன்னோர்க்கும் ஒரு கிண்ணம் நீட்டப்பட்டது. அதன் விலையில் மகனுடைய பாலும் மகளுடைய புத்தகமும் அடங்கியிருந்தன. விலையை எழுதி வைத்தவர் எவரும் அதை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆயினும் கிள்ளானிலும் கெடாவிலும் எழுத்தறியாத மக்களே அக்கணக்கைத் தாமே கூட்டிப் பார்த்து, கிண்ணத்தைத் தள்ளினர். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் பேரேட்டுப் புத்தகத்தோடு செல்லரித்துப் போயின, செயல் போகவில்லை. எழுத்தும் எண்ணும் கற்று, அவர்கள் விட்ட இடத்தில் நிற்கும் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. குடிப்பவனைக் கண்டு நகுமுன், அவன்முன் கிண்ணத்தை வைத்தவன் யார், அதன் ஆதாயம் யார் பையிற் சேர்கின்றது, அதன் இடத்தில் வேறு எதனை நாம் வைத்தோம் என்று கேட்பதே அது. அவ்வினாக்களுக்கு விடை தேடும் தோட்டத்தில் ஒரு படிப்பகம் எழும். விடை தேடாத தோட்டத்தில், மரம் எதுவாயினும், கலயம் தொங்கிக்கொண்டே இருக்கும்.